தெளிந்த ஓடையில் ட்ரவுட் பிடிப்பது சுலபம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைத் தூண்டிலில் பிடிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை, ஊட்டிப் பயணக் குறிப்பு ஏதாவதில் ஒரு வரியாக வந்து போவதோடு சரி, அதனால் முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் இரண்டு இடங்களைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவின் சுண்ணாம்புக்கல் ஊற்று ஓடைகளில் அடிமண் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருக்கும், மீன் நேராகக் கண்ணுக்குத் தெரியும், ஆகவே புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் ஏற்ற இடம் என்று ஒரு பத்தி சொல்கிறது. கடைசிப் பத்தியோ நீலகிரி ஓடைகளில் குஞ்சுகளை இன்னும் ஏராளமாக விட்டால் சுற்றுலா வளரும் என்று யோசனை சொல்கிறது. இரண்டையுமே எழுதியவர் மீனைப் பார்த்து எழுதியிருக்கிறார், தண்ணீரைப் பார்க்கவில்லை. என் குறை அவ்வளவுதான், ஆனால் அதைச் சொல்லக் கொஞ்சம் இடம் தேவைப்படும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நிலத்தடி நீர் சம்பந்தமான வேலையிலிருந்து ஓய்வு பெற்று திருவான்மியூரில் இருப்பவன். மகள் குடும்பம் பென்சில்வேனியாவில் மெக்கானிக்ஸ்பர்க் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து கார்லைல் என்ற ஊருக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது, அந்த ஊருக்குள்ளேயேதான் லெட்டார்ட் ஓடை ஓடுகிறது. மொத்த நீளம் சுமார் 15 கிலோமீட்டர், நம் ஊர்க் கணக்கில் ஒரு வாய்க்கால். அப்புறம் கானோடோக்வினெட் என்ற ஆற்றில் சேர்ந்து சஸ்குவெஹானா வழியாகக் கடலுக்குப் போகிறது. இந்தச் சின்ன ஓடையைத் தேடி உலகத்தின் பல மூலைகளிலிருந்து தூண்டில்காரர்கள் வருகிறார்கள், வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு மீன்கூடத் தொடாமல் திரும்பிப் போகிறார்கள். வேகமாக ஓடும் மலையாறுகளில் தினமும் மீன் எடுக்கிற அனுபவசாலிகளைப் பற்றிச் சொல்கிறேன், கற்றுக்குட்டிகளைப் பற்றி அல்ல.

ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால் கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அரியலூரில் சிமெண்டு ஆலைகளுக்காகத் தோண்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல் இனம்தான் அங்கேயும், ஆனால் வயதில் பல கோடி ஆண்டு மூத்தது. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது, கல்லின் விரிசலில் இறங்கி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது, லட்சக்கணக்கான ஆண்டுகளில் உள்ளே குழாயும் குகையுமாக வழி உண்டாகிவிடுகிறது. அந்த வழிகளில் தங்கி ஓடி வெளியே ஊற்றாக வரும் தண்ணீர் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில், 10 அல்லது 11 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஜூலையில் கார்லைலில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும்போது ஓடைக்குள் கை வைத்தால் விறைத்துப் போகும். ஜனவரியில் சுற்றிலும் பனி மூடிக் கிடக்கும்போது ஓடையில் வாட்டர்கிரெஸ் கீரை பச்சைப் பசேலென்று மிதந்துகொண்டிருக்கும். வெள்ளமும் குறைவு, வறட்சியும் குறைவு, தண்ணீரில் கால்சியம் நிறைய. அதனால் செடி அடர்ந்து வளர்கிறது, செடிக்குள் ஓடு உள்ள சிறு பூச்சிகளும் நன்னீர்க் கூனிகளும் கணக்கில்லாமல் பெருகுகின்றன. அந்தப் பக்கத்துக்காரர்கள் கிரெஸ் பூச்சி என்று சொல்கிற சாம்பல் நிறப் பூச்சி ஒன்று இருக்கிறது, ஒரு கைப்பிடி களையைப் பிடுங்கி உதறினால் உள்ளங்கையில் ஊர்ந்துகொண்டிருக்கும். ட்ரவுட்டுக்கு முக்கியச் சாப்பாடே அதுதான்.

இங்கேதான் கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டது வருகிறது. மலையாற்றில் இருக்கிற மீனுக்குச் சாப்பாடு குறைவு, தண்ணீர் வேகம், எதிரே ஏதோ அடித்துக்கொண்டு வந்தால் ஒரு நொடியில் முடிவெடுத்துக் கவ்வ வேண்டும், யோசித்தால் அது போய்விடும். லெட்டார்ட்டில் இருக்கும் மீனுக்கு எந்த அவசரமும் இல்லை. தண்ணீர் மெதுவாக வருகிறது, சாப்பாடு நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது, பிடிக்காததை விட்டுவிட்டால் அடுத்தது வரும். மேலே மிதந்து வருகிற பூச்சிக்குக் கீழே போய் மூக்கை வைத்துக்கொண்டு, ஓடையோடு கூடவே பின்னோக்கி நகர்ந்து, ஒரு அடி, இரண்டு அடி, சில சமயம் அதற்கு மேலும், உற்றுப் பார்த்துவிட்டுத் தின்னாமல் பழைய இடத்துக்கே திரும்பிப் போகிற பழுப்பு ட்ரவுட்டை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கிற நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மீன் கண்ணுக்குத் தெரிவதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதே தெளிவில் மீனுக்கும் நாம் தெரிகிறோம், தூண்டில் நரம்பு தெரிகிறது, நரம்பின் நிழல் அடிமண்ணில் விழுவது தெரிகிறது. குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது என்று நாம் சொல்வதே கலங்கலில்தான் மீன் ஏமாறும் என்பதால்தானே? ஊரூர் குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மீனவரிடம் உங்கள் கட்டுரையின் இந்த வரியைப் படித்துக் காட்டினேன். "தெளிஞ்ச தண்ணில மீனு நம்மள மொதல்ல பாத்துடும் சார், யாரு எழுதுனது இது?" என்று கேட்டார். அடையாறு முகத்துவாரத்தில் வீச்சு வலை போட்டே வளர்ந்தவர் அவர்.

இன்னும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, இதைப் புரிந்துகொள்ளாமல் ஊற்று ஓடையைப் பற்றிப் பேசவே முடியாது. மேலே நின்று பார்க்கிறவருக்கு அந்த ஓடை ஒரே சீராக, வழுவழுவென்று போவதாகத் தெரியும். உண்மையில் களைகள் திட்டுத் திட்டாக வளர்ந்திருப்பதால் அவற்றுக்கு நடுவே சந்து சந்தாகத் தண்ணீர் பிரிந்து ஓடுகிறது, ஒரு சந்தில் வேகம், பக்கத்திலேயே தேக்கம், களைக்குப் பின்னால் லேசான சுழல். நீங்கள் இந்தக் கரையிலிருந்து வீசிய நரம்பு இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே கிடக்கிறது. நுனியில் இருக்கும் ஃப்ளை, அதாவது கொக்கியில் நூலும் இறகும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சி, மெதுவான தண்ணீரில் மிதக்கும்போது நடுவில் கிடக்கும் நரம்பை வேகத் தண்ணீர் இழுக்கும். உடனே ஃப்ளை தன் தண்ணீரை விட்டு ஒரு விரல்கடை நகரும். கரையில் நிற்கும் நமக்கு அந்த நகர்வு கண்ணுக்கே தெரியாது. மீனுக்குத் தெரியும். அதன் வாழ்நாளில் பார்த்த எந்த உயிருள்ள பூச்சியும் அப்படி நகர்ந்ததில்லை, பூச்சி தண்ணீரோடுதான் போகும். அவ்வளவுதான், மீன் ஒதுங்கிவிடும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை அப்படி நடந்தால் தின்பதையே நிறுத்திவிட்டுக் களைக்குள் போய்விடும், அன்றைக்கு அது கிடைக்காது.

இதைச் சமாளிக்கத்தான் அங்கே வீச்சுக் கலையே வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது. சாதாரணமாக நரம்பு நேராக நீண்டு விழுந்தால் அழகு என்பார்கள். இங்கே நேராக விழுந்தால் தொலைந்தது. வேண்டுமென்றே வளைவு வளைவாகத் தளர்வாக விழ வைக்க வேண்டும், வேகத் தண்ணீர் அந்த வளைவுகளை இழுத்து நிமிர்த்துகிற வரைக்கும் ஃப்ளை சுதந்திரமாக மிதக்கும், அந்தச் சில நொடிகள்தான் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு. இல்லாவிட்டால் நரம்பு காற்றில் போய்க்கொண்டிருக்கும்போதே கழியை நீரோட்டத்தின் மேல்பக்கமாகச் சாய்த்து நரம்பை மேலே கொண்டுபோய்ப் போட வேண்டும். நுனியில் கட்டும் மெல்லிய இழை 12 அடிக்கு மேல் நீளமாக இருக்கும், அதன் கடைசிப் பகுதி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். அந்த இழையில் ஒரு பெரிய மீன் மாட்டினால் அவசரப்பட்டு இழுக்க முடியாது, களைக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளவும் விட முடியாது, இரண்டுக்கும் நடுவில் கை பேச வேண்டும். இதையெல்லாம் ஒரு வாரப் பயிற்சியில் செய்துவிடலாம் என்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள், அது படிக்கிறவர்களை ஏமாற்றுவதாகும்.

மீன் பார்க்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரிகிறது, அந்தக் கூம்பின் கோணம் சுமார் 97 டிகிரி. மீன் ஓரடி ஆழத்தில் நின்றால் வட்டத்தின் அகலம் இரண்டே கால் அடி, இன்னும் மேலே வந்து நின்றால் வட்டம் இன்னும் சின்னது. அந்த வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு அடிமண்ணையே திருப்பிக் காட்டும், அங்கே ஒரு பூச்சி உட்கார்ந்தால் அதன் கால்கள் நீரை அழுத்தும் புள்ளிகள் மட்டும் மின்னும். கரையில் தாழ்வாக இருக்கிற எதுவும் வட்டத்தின் விளிம்பில் நசுங்கிப் போய்த் தெரியாமல் போய்விடும். ஆகவே முப்பது அடி தள்ளி நிமிர்ந்து நின்றால் தலை தெரியும், முழங்காலிட்டால் ஏறக்குறைய மறைந்துவிடலாம். ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும், எனவே பின்னாலிருந்து, குனிந்து, மெதுவாகப் போக வேண்டும். லெட்டார்ட்டின் கரை சதுப்பு மண், தடதடவென்று நடந்தால் அதிர்வு தண்ணீருக்குள் போய்விடும், அதிர்வை உணர மீனின் உடம்போரமாக இருக்கும் பக்கவாட்டுக் கோடு அதை வாங்கிக்கொள்ளும். ஓடைக்குள் இறங்கவே கூடாது, அடியில் வண்டல், ஒரு காலடியில் கலங்கிவிடும். ஒரே மீனுக்காகக் கொக்கு மாதிரி முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு வீச்சு போடுகிறவர்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். எனக்கு அங்கே சொல்லிக்கொடுத்த பெரியவர் கழியைத் தொடவே விடாமல் முதலில் ஒரு காலைப் பொழுது முழுக்கப் பாலத்தின் மேல் நின்று மீன்களைப் பார்க்க மட்டும் சொன்னார். ஒவ்வொரு மீனும் தனக்கென்று ஒரு இடம் வைத்திருப்பதும், ஒரு தாளத்தில் மேலே வந்து போவதும், அந்தத் தாளத்துக்குச் சரியாக ஃப்ளை போய்ச் சேர வேண்டும் என்பதும் அப்போதுதான் புரியும். நம் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகச் சிறந்த பாடமும் அதுவே.

ஃப்ளை பற்றிக் கட்டுரையில் வண்ண வண்ணமாகப் பெரிய படம் போட்டிருந்தீர்கள். அவ்வளவு பெரியதை இங்கே போட்டால் மீன் ஓடிவிடும். மே, ஜூன் மாதங்களில் சல்ஃபர் என்கிற வெளிர் மஞ்சள் பூச்சி மாலையில் கிளம்பும், சேம்பர்ஸ்பர்க் பக்கத்து ஃபாலிங் ஸ்பிரிங் ஓடை அதற்குப் பெயர் பெற்றது. கோடைக் காலைகளில் ட்ரைக்கோ என்று ஒன்று, உடம்பு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், செத்து இறக்கை விரித்து ஆயிரக்கணக்கில் தண்ணீரில் விழும், அதே அளவுக்குப் பொய்ப்பூச்சி கட்டிப் போட வேண்டும். நடுப்பகலில் நீர்ப்பூச்சிகள் ஓய்ந்த பிறகு புல்வெளியிலிருந்து தவறி விழும் எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி, அப்புறம் நம் நெல் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த தத்துப்பூச்சி. இந்தத் தத்துப்பூச்சிகளை லெட்டார்ட் மீன்கள் சத்தமில்லாமல் உறிஞ்சுவதைக் கண்டுபிடித்து, அதற்காக 1940களின் இறுதியில் அங்கேயே ஒரு ஃப்ளை உருவாக்கினார்கள், பெயர் ஜாசிட். அதன் முதுகில் தட்டையாக ஒட்டுகிற அந்தச் சிறிய, மெழுகு பூசியது போன்ற இறகு எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து. தென்னிந்தியக் காடுகளின் பறவை, முதுமலையில் விடியற்காலையில் கூவுவதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அந்தச் சேவலின் தோலே கப்பல் கப்பலாக வெளிநாடு போனது. பிறகு இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது, இப்போது அங்கே புழங்குவது வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்த்த பறவைகளின் இறகு. தடை போட்டது மிகச் சரியான காரியம். ட்ரவுட் பற்றித் தமிழில் எழுதும்போது, நம் மண்ணோடு நேரடித் தொடர்புள்ள இந்தச் செய்தி ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இனி குஞ்சு விடும் யோசனைக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையிலேயே கவலை.

லெட்டார்ட்டிலிருந்து சற்றுத் தூரத்தில், நியூவில் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிக் ஸ்பிரிங் என்று இன்னொரு சுண்ணாம்புக்கல் ஊற்று ஓடை இருக்கிறது. அந்த மண்ணுக்கே உரிய புரூக் ட்ரவுட்டுக்குப் பேர்போன ஓடை. அங்கே 1970களின் தொடக்கத்தில், ஊற்று வெளிவருகிற வாயிலேயே, அரசாங்க ட்ரவுட் பொரிப்பகம் ஒன்று வந்தது. நல்ல குளிர்ந்த தண்ணீர், மாறாத வெப்பநிலை, வேறெங்கே கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள். நோக்கம் அதிக மீன். நடந்தது என்னவென்றால், தொட்டிகளிலிருந்து கழிவும் மிச்சத் தீவனமும் ஓடைக்குள் போய்ப் படிந்து, பூச்சியினங்கள் குறைந்து, ஓடையில் தானாகப் பிறந்து வளர்ந்த மீன்கள் அருகிப்போயின. ஊர்க்காரர்களும் தூண்டில்காரர்களும் பல வருஷம் போராடினார்கள். 2001இல் பொரிப்பகம் மூடப்பட்டது. அதன் பிறகு யாரும் கொண்டுவந்து கொட்டாமலேயே மீன்கள் திரும்பிவந்தன, பூச்சிகளும் திரும்பிவந்தன, இன்றைக்கு அந்த மேல்பகுதியில் காட்டு ட்ரவுட் நீந்துவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். பொரிப்பகம் போட்டதால் மீன் குறைந்தது, தண்ணீரை விட்டுவைத்ததும் மீன் கூடியது. சுற்றுலாவுக்காகக் குஞ்சு விடச் சொல்கிற எவரும் இந்த ஓடையின் கதையைப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

நம் நாட்டிலேயே சுண்ணாம்புக்கல் ட்ரவுட் ஓடை பார்க்க வேண்டுமானால் காஷ்மீருக்குப் போக வேண்டும். அனந்தநாக் மாவட்டத்தில் கோகர்நாக், வேரிநாக், அச்சபல் என்று ஊற்றுகள், எல்லாம் சுண்ணாம்புக்கல்லிலிருந்து பொங்குகிறவை, கோகர்நாக்கில் பெரிய ட்ரவுட் பண்ணையும் உண்டு. பழுப்பு ட்ரவுட்டை ஸ்காட்லாந்திலிருந்து 1900 வாக்கில் அங்கே கொண்டுவந்தார்கள். 2022 பிப்ரவரியில் அந்தப் பக்கத்து பிரிங்கி ஓடையில் நடுப்படுகையில் ஒரு குழி திறந்துகொண்டது, ஓடை முழுவதும் அதற்குள் இறங்கிவிட்டது, கீழ்ப்பகுதி வறண்டு ட்ரவுட்டுகள் செத்துக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பலர் அதைத் தெய்வக் குற்றம் என்றும் அதிசயம் என்றும் பேசினார்கள். நிலத்தடி நீரைப் படித்தவனுக்கு அது அதிசயம் இல்லை. சுண்ணாம்புப் பூமியில் ஓடை மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும். பிரிங்கியில் உள்ளே போகும் தண்ணீர் அச்சபல் ஊற்றில் வெளிவருகிறது என்று சாயம் கலந்து விட்டுப் பார்த்த சோதனைகளில் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இதிலிருந்து வருகிற முக்கியமான விஷயம், சுண்ணாம்புக்கல் தண்ணீரை வடிகட்டாது. எங்கள் திருவான்மியூரில் மொட்டைமாடி மழைநீர் கிணற்றுக்கு வரும் வழியில் மணலுக்குள் மெல்ல ஊறி வருகிறது, 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு கிணற்று நீர் தேறியதை இந்தக் கடற்கரைப் பக்கத்தில் இருக்கிற எல்லோரும் பார்த்தோம். சுண்ணாம்புப் பூமியில் அந்த வசதி கிடையாது. வயலில் அடித்த மருந்தும், சாலையில் சிந்திய எண்ணெயும், குழியில் கொட்டிய குப்பையின் சாறும் குழாய் வழியே போவது போல நேராக ஊற்றுக்கு வந்துவிடும், சில சமயம் சில நாட்களிலேயே. லெட்டார்ட்டைச் சுற்றி இப்போது லாரிக் கிடங்குகளும் வாகன நிறுத்தங்களுமாகப் பெருகிவிட்டன, நெடுஞ்சாலை ஓடைக்கு மேலேயே போகிறது. கான்கிரீட் போட்ட இடத்தில் மழை உள்ளே இறங்காது, ஊற்றுக்கு வரவு குறையும், அதே மழை சூடாகி அழுக்கோடு ஓடைக்குள் ஒரேயடியாகப் பாயும். ஒரு கோடை மழையில் அந்த ஓடை கலங்கிப் போவதை நேரில் பார்த்தபோது எனக்கு வேளச்சேரியும் பள்ளிக்கரணையும்தான் நினைவுக்கு வந்தன. அங்கேயும் சதுப்பை மூடினோம், தண்ணீர் எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை.

நீலகிரிக்கு வருவோம். அங்கே இருப்பது சுண்ணாம்புக்கல் இல்லை, சார்னோகைட், பரங்கிமலையில் இருக்கிற அதே கல் இனம். அதனால் மேல்மலை ஓடைகளின் தண்ணீர் மென்மையானது, கால்சியம் சொற்பம், பூச்சிகளும் குறைவு. மதராஸ் அரசின் மீன்வளர்ப்பு நிபுணராக இருந்த எச்.சி. வில்சன் முயற்சியில் ரெயின்போ ட்ரவுட் அங்கே நிலைகொண்டதும், அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் வந்ததும் வரலாறு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மீன் வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்தது, நம்முடையது கிடையாது. இரையைத் துரத்தித் தின்கிற மீன். சாப்பாடு குறைவான ஓடையில் அதைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய் விட்டால் இரண்டே காரியம்தான் நடக்கும்: மீன்கள் இளைத்துச் சிறுத்துப் போகும், அல்லது அந்த ஓடையில் காலங்காலமாக இருக்கிற சிறு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் தின்று தீர்க்கும். இருக்கிற இடத்தில் இருக்கட்டும். புதிய ஓடைகளுக்குக் கொண்டுபோக வேண்டாம். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் சுற்றுலாத் தூண்டில் என்ற பேச்சே வேண்டாம், அங்கே சோலைக்காட்டையும் புல்வெளியையும் காப்பாற்றினால் கீழே பவானிக்குத் தண்ணீர் வரும், அதைவிட என்ன வேண்டும்?

ஒரு தடவை பிடித்த மீனைத் திருப்பி விடுவது வேடிக்கையாக இருக்கிறது என்று கட்டுரையில் ஒரு வாக்கியம் உண்டு. லெட்டார்ட்டின் முக்கியப் பகுதியில் சட்டமே அதுதான், செயற்கை ஃப்ளை மட்டும், ஒரு மீனையும் எடுத்துப் போகக் கூடாது. இது பணக்காரர்களின் விளையாட்டு என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள், 15 கிலோமீட்டர் ஓடையில் பிடித்தவர்கள் எல்லாம் ஒவ்வொன்றை வீட்டுக்கு எடுத்துப் போனால் என்ன மிஞ்சும் என்று யோசிக்க வேண்டும். பசிக்காக மீன் பிடிக்கிறவரின் தொழில் வேறு, அதற்கு நான் தலைவணங்குகிறேன், காசிமேட்டிலிருந்து வருகிற மீனைத்தான் நானும் சாப்பிடுகிறேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். தெளிந்த ஓடையில் ட்ரவுட் பிடிப்பது சுலபம் என்ற வரிக்குத் திருத்தம் போடுங்கள். குஞ்சு விடுவது பற்றி மீன்வளத் துறையினரையும் காட்டுயிர் ஆய்வாளர்களையும் கேட்டு இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள். அடுத்த தடவை மீனை உலர்ந்த கையில் இறுக்கிப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிற படம் வேண்டாம். அப்படிப் பிடித்தால் அதன் மேல்தோல் வழவழப்பு போய்விடும், மூச்சுக்கும் திணறும், திருப்பி விட்டாலும் பிழைக்காமல் போகலாம். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்து எடுத்த படம் போதும்.

கடைசியாக, கட்டுரையைப் படித்துவிட்டு ஆசைப்படுகிற சென்னைப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். வீசக் கற்றுக்கொள்ள ட்ரவுட்டும் வேண்டாம், பென்சில்வேனியாவும் வேண்டாம். பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஒரு பழைய சைக்கிள் டயரைப் போட்டு, முப்பதடி தள்ளி முழங்காலிட்டு, நரம்பு வளைந்து தளர்வாக அதற்குள் விழுகிற வரைக்கும் வீசிப் பழகலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன். நுனியில் கொக்கி கட்ட வேண்டாம், சிவப்புக் கம்பளி நூல் துண்டு ஒன்று போதும். விடிந்தவுடன் போய்விட்டால் கூட்டம் இருக்காது, இருந்தாலும் ஒவ்வொரு வீச்சுக்கு முன்னும் பின்னால் யாராவது நடந்து வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
திருவான்மியூர், சென்னை